கடைசிக் கிலோமீட்டர்

சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ என்ற கடலடி ஒளியிழை வடம் 2002இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட அந்த வடம், முழுத் திறனில் நொடிக்கு 8.4 டெராபிட் கடத்தும்படி வடிவமைக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் டாடாவின் வடம் ஒன்று அதே கரையைத் தொட்டது. 2005இல் சீ-மீ-வீ 4 வந்தது. உலக இணையத்தோடு இந்தியாவை இணைக்கும் பெரிய வாசல்களில் ஒன்றாகச் சென்னை ஆகிவிட்டது. அதே காலத்தில் மயிலாப்பூரிலோ குரோம்பேட்டையிலோ வீட்டில் இணையம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது என்ன? தொலைபேசிக் கம்பியில் டயல் செய்து, நொடிக்கு அதிகபட்சம் 56 கிலோபிட். ஐ2ஐ வடம் ஒன்றே அப்படிப்பட்ட 15 கோடி இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கும் கணக்கு. கடலைத் தாண்டி வந்த வெள்ளம் தெருமுனையில் சொட்டாகிப் போனது எப்படி என்று கேட்டால், நம் வீட்டு பிராட்பேண்டின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடும். அந்த வரலாற்றைப் பொதுவாகத் தொழில்நுட்பத்தின் கதையாகச் சொல்கிறார்கள்: முதலில் டயல்-அப், பிறகு டி.எஸ்.எல்., பிறகு ஃபைபர், ஒன்றைவிட ஒன்று வேகம். என் வாதம் வேறு. தேவையான நுட்பம் ஒவ்வொரு கட்டத்திலும் வெகு முன்பே தயாராக இருந்தது. வீடுகள் காத்திருந்ததற்குக் காரணம், எக்ஸ்சேஞ்சிலிருந்து வாசல்வரை வரும் கடைசிக் கிலோமீட்டர் கம்பி யார் கையில் இருந்தது, அதை வேறு யார் தொட அனுமதிக்கப்பட்டார்கள் என்பதே.

அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, படங்களோடு வலைப்பக்கம் பார்க்கும் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய். எழுத்து மட்டும் தெரியும் மாணவர் கணக்கு 500 ரூபாய். இதற்கு மேல் தொலைபேசி அழைப்புக் கட்டணம் தனி. இணையத்தில் இருக்கும் நேரமெல்லாம் மீட்டர் ஓடும், வீட்டுக்கு யார் போன் போட்டாலும் எங்கேஜ்டாகவே இருக்கும். வேகம் ஏன் 56 கிலோபிட்டைத் தாண்டவில்லை? குற்றம் செம்புக் கம்பியுடையது அல்ல. மனிதக் குரல் புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும் என்று தொலைபேசிப் பொறியாளர்கள் வகுத்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவி அந்தக் குறுகிய பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வெட்டிவிட்டு, குரலை நொடிக்கு 64 கிலோபிட் எண்களாக மாற்றி அனுப்பும். டயல்-அப் மோடம் கணினியின் எண்களைக் குரல்போன்ற ஒலியாக்கி அந்தப் பட்டைக்குள் நுழைத்தது. அதன் கீச்சொலியே அதற்குச் சாட்சி. உச்சவரம்பு எக்ஸ்சேஞ்சுக்குள் இருந்ததே தவிர, வீட்டுக்கு வந்த கம்பியில் இல்லை.

கம்பியின் இந்த மீதித் திறனைப் பயன்படுத்தும் வழி 1980களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர், இரு திசையிலும் சம வேகம் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் அதே செம்பில் பன்மடங்கு தரவை அனுப்பலாம் என்று காட்டினார். நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் ஒரே கட்டில் நெருக்கிக் கிடக்கும்போது ஒன்றின் சமிக்ஞை மற்றதில் கசியும். வீட்டை நோக்கிப் போவதைப் பெரிதாகவும் வீட்டிலிருந்து வருவதைச் சிறிதாகவும் வைத்தால் அந்தக் கசிவின் தொல்லை குறையும். இதுதான் ஏ.டி.எஸ்.எல். வாடிக்கையாளர் கேட்ட படத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற ஆசையில் முதலில் தொலைபேசி நிறுவனங்கள் வளர்த்த நுட்பம் இது. இணையத்துக்கு இது பொருந்தியது பிறகு. பதிவிறக்கம் வேகமாகவும் பதிவேற்றம் மந்தமாகவும் இருக்கும் அந்த ஏற்றத்தாழ்வு, பின்னாளில் வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் வேலை பார்த்தவர்களைத் திணறடித்தது. குரலுக்கு அடிப்பட்டையை விட்டுவிட்டு, சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை ஏ.டி.எஸ்.எல். எடுத்துக்கொண்டது. வீட்டில் ஸ்பிளிட்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டி இரண்டையும் பிரித்தது. அதில் மூன்று துளைகள்: ஒன்று வெளியிலிருந்து வரும் லைனுக்கு, ஒன்று போனுக்கு, ஒன்று மோடத்துக்கு. மறுமுனையில் எக்ஸ்சேஞ்சில் டிஎஸ்லாம் என்ற கருவி நூற்றுக்கணக்கான வீடுகளின் தரவை ஒன்றுசேர்த்து இணையத்துக்கு அனுப்பும். அழைப்பு இல்லை, எங்கேஜ்டும் இல்லை. இணைப்பு எப்போதும் உயிரோடு இருக்கும்.

நடுவில் இருக்கும் தெருவை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நிலத்தடியில் தடித்த கேபிள் கிளம்பும். தெருமுனையில் பில்லர் என்ற இரும்புப் பெட்டியில் அது பிரியும். அங்கிருந்து கம்பத்தில் இருக்கும் டி.பி. பெட்டி, பிறகு தலைக்கு மேல் தொங்கும் டிராப் வயர், பிறகு சுவரில் ரோசெட். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. சில இடங்களில் லைன்மேன் கையால் முறுக்கி டேப் சுற்றியது. அந்த முடிச்சுக்குள் மழைநீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்தாலும் பேச்சு கேட்கும், கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகும் சமிக்ஞை அதைத் தாங்காது. முதல் மழைக்கே மோடத்தின் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டத் தொடங்கும். இன்னொரு தொல்லை வீட்டுக்குள்ளேயே இருந்தது: ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே படுக்கையறைக்கு ஒரு இணைப்போன் இழுத்திருந்தால், அது போதும் லைனைக் கெடுக்க. தூரம் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் ஏ.டி.எஸ்.எல்.2+ நொடிக்கு 24 மெகாபிட் வரை எட்டும்; நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒன்றிரண்டு மெகாபிட் கிடைப்பதே பெரிது. ஒரே நிறுவனம், ஒரே கட்டணம், ஒரே மாதிரி மோடம் என்றாலும் இரண்டு வீடுகளின் அனுபவம் முற்றிலும் வேறாக இருந்தது இதனால்தான். ஆகவே இந்தக் கம்பியை வைத்திருப்பவர் அதைப் பேணுவதில் எவ்வளவு அக்கறை காட்டினார் என்பது வெறும் பராமரிப்புச் சங்கதி அன்று.

இந்தக் கம்பி ஏறத்தாழ முழுவதும் அரசினுடையது. தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்து 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கைக்கு வந்தது. 1998இல் தனியார் இணைய சேவைக்குக் கதவு திறக்கப்பட்டபோது சென்னையின் சத்யம் இன்ஃபோவே (பின்னாளில் சிஃபி) முதலில் நுழைந்தது. சென்னையிலேயே தொடங்கிய டிஷ்நெட், டி.எஸ்.எல். சேவையை நாட்டில் முன்னோடியாகக் கொண்டுவந்தது. கிண்டியில் ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, தொலைபேசி இணைப்பு ஒன்றுக்கு ஆகும் செலவு பலமடங்கு குறையாமல் இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாது என்று சொல்லி, செம்பையே தவிர்க்கும் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. குரலும் இணையமும் ஒரே சமயத்தில் போகும் அதில் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வந்தது. ஊரில் அறிவு இருந்தது, துணிவு இருந்தது, முதலீடும் ஓரளவு இருந்தது. ஏற்கெனவே வீடுகளுக்குள் போய்விட்ட கோடிக்கணக்கான செம்பு ஜோடிகளைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. 2004 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத்தான் சுட்டியது: பழைய நிறுவனங்களின் செம்பு இணைப்பைப் போட்டியாளர்களுக்கும் நியாயமான வாடகைக்குத் திறந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. விருப்பமிருந்தால் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. கம்பி வைத்திருப்பவருக்குப் போட்டியாளரோடு பேசி ஆகவேண்டியது என்ன? அதே ஆண்டில் டிஷ்நெட்டின் இணையத் தொழில், அதற்குள் டாடா வசம் போயிருந்த வி.எஸ்.என்.எல்.லுக்கு விற்கப்பட்டது.

ஜப்பான் அந்தக் காலத்தில் செய்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் செம்பு முழுவதும் என்.டி.டி. என்ற பழைய நிறுவனத்திடம் இருந்தது. அரசு அதைக் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடச் செய்தது. 2001இல் சாஃப்ட்பேங்கின் யாஹூ பிபி, நொடிக்கு 8 மெகாபிட் என்று சந்தைக்கு வந்து விலையை உடைத்தது. 2003 முடிவில் ஜப்பானில் டி.எஸ்.எல். இணைப்புகள் ஒரு கோடியைத் தொட்டன. புதிதாக ஒரு மீட்டர் செம்புகூட யாரும் புதைக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே மக்கள் மெகாபிட்டுகளில் பேசிக்கொண்டிருந்தபோது நம் 2004ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் எட்டினாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராகக் கனமான ஒரு மறுப்பு உண்டு. ஜப்பானில் வீட்டுக்கு வீடு நல்ல செம்பு இருந்தது. இந்தியாவில் உச்சத்தில்கூட நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ நான்கு கோடி தரைவழி இணைப்புகள்தான், அவற்றிலும் பல டி.எஸ்.எல்.லுக்கு லாயக்கற்றவை. நஷ்டம் என்று தெரிந்தே கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது அரசு நிறுவனம். தியாகராய நகரிலும் அடையாறிலும் லாபம் தரும் லைன்களைத் தனியார் பொறுக்கிக்கொண்டு போக விட்டால் கிராமத்து எக்ஸ்சேஞ்சை யார் நடத்துவது? இதில் உண்மை இருக்கிறது, இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சிற்றூர்களில் செய்த வேலையை வேறு எந்த நிறுவனமும் அன்று செய்யவில்லை. ஆனால் கிராமச் சுமைக்கு ஈடுகட்ட அந்த ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களிடம் தனிக் கட்டணமே வசூலிக்கப்பட்டது. செம்புக்கு வாடகை வந்திருந்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். நல்ல செம்பு குறைவு என்ற வாதமோ எனக்குத் தலைகீழாகப் படுகிறது. குறைவாக இருக்கும் பொருளைத்தான் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். நான்கு கோடியில் பாதி தேறாது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு கோடி மிஞ்சும், அது ஒரு சிறிய எண் அன்று.

பி.எஸ்.என்.எல். சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005 தொடக்கத்தில் டேட்டாஒன் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகளில் பெரும்பகுதி அதனுடையதாக ஆனது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் முதன்முதலாக எப்போதும் இருக்கும் இணையத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்த மோடமே அறிமுகம். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஒரு ஜி.பி. தரவு; அதற்கு மேல் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை மட்டும் அளவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வீடுகளில் கணினி விடிய விடிய ஓடியது, அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து தரவிறக்கத்தை ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் வந்தது. 2007 முதல் குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் என்று அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் அறிவித்தார். வேகம் கூடியது, தரவு வரம்பு அப்படியே நின்ற திட்டங்களில் மாதக் கணக்கு இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. இரவு எட்டு மணிக்கு எல்லோருக்கும் வேகம் இறங்குவதற்கும் ஒரு காரணம் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் பாதையை ஐம்பது வீடுகள்வரை பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதே டிராய் வகுத்த அளவுகோல். விளம்பரத்தில் வரும் வேகம் எக்ஸ்சேஞ்சுவரை உள்ள வேகம். அதற்கப்பால் அது பங்குதான். போட்டி இருந்திருந்தால் அந்தப் பங்கைப் பெரிதாக்கச் சொல்லி நெருக்க ஒருவராவது இருந்திருப்பார். 2004 கொள்கை 2010க்குள் இரண்டு கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. 2010 முடிவில் இருந்தவை ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம்.

வீட்டுக்குள் போன கம்பி செம்பு ஜோடி ஒன்று மட்டும் அன்று. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு தெருத்தெருவாகக் கேபிள் டிவி பரவியது. தொலைபேசி இல்லாத வீடுகளிலும் கேபிள் இருந்தது. தொலைபேசிக் கம்பியைவிட அந்தக் கோஆக்ஸியல் கம்பி அகன்ற பட்டையைத் தாங்கும். அமெரிக்காவில் 1997இல் வெளியான டாக்சிஸ் தரத்தில் கேபிள் மோடம்கள் பிராட்பேண்டை வீடுகளுக்குக் கொண்டுபோயின. இங்கே கேபிள்காரர் தன் கைக்காசில் கட்டிய வலையோ ஒருவழிப் பாதை. அவர் மாட்டிய ஆம்ப்ளிஃபயர்கள் படத்தை வீட்டுக்குத் தள்ளும், வீட்டிலிருந்து எதையும் திரும்ப எடுத்துவராது. அதை இருவழியாக மாற்ற ஆகும் செலவை மாதம் நூறு ரூபாய்ச் சந்தா வாங்கும் ஒருவரால் தாங்க முடியாது. ஆனால் அவரிடம் விலைமதிப்பற்ற ஒன்று இருந்தது: ஒவ்வொரு மொட்டை மாடியிலும் ஏறுவதற்குத் தெருக்காரர்கள் தரும் அனுமதி. சிஃபி போன்ற நிறுவனங்கள் அதை வைத்துத்தான் வழி கண்டன. அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் சாதாரண கேட்-5 கம்பியை மாடிக்கு மாடி இழுத்து, நூறு மீட்டருக்குள் ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் எந்த வீட்டு மாடியில் இருந்ததோ அந்த வீட்டிலிருந்து. மின்வெட்டு ஆட்டிப்படைத்த ஆண்டுகளில் ஒரு மாடியில் கரண்ட் போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வீடுகளுக்கும் இணையம் போகும். இடி இடித்தால் ஸ்விட்சின் போர்ட்டுகள் கருகும். பொறியியல் புத்தகங்கள் வெளிப்புறத்துக்கு இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆயினும் செம்பு மறுக்கப்பட்ட நாட்டில் போட்டி என்ற ஒன்று வீடுகளை எட்டியதில் இந்த மாடிக் கம்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு, அவற்றைக் கட்டியவர்களின் பெயர் எந்தக் கொள்கை ஆவணத்திலும் வராது.

கம்பியைக் குறை சொல்வானேன், கணினி வாங்கவே காசில்லாத நாட்டில் தேவையே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். 2000களின் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களை நினைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. தடுப்புப் பலகை போட்ட பிரவுசிங் சென்டர்கள் தாலுகா தலைநகரங்கள்வரை இருந்தன. பரீட்சை முடிவு பார்க்கவும், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேசவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் மணிக்கணக்கில் பணம் கொடுத்து வரிசையில் காத்திருந்தார்கள். தேவை வீட்டுக்கு வெளியே நின்றதற்குக் காரணம், வீட்டுக்குள் வர வழியில்லாததே.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பலமானது. 2016இல் ஜியோ வந்த பிறகு கைப்பேசியிலேயே எல்லோருக்கும் இணையம் வந்துவிட்டது. வீட்டுக் கம்பியின் வரலாறு முடிந்துபோன கதை என்பது அந்த மறுப்பு. இந்தியர்களில் பெரும்பாலோர் கம்பியைத் தாண்டிக் குதித்து நேரடியாகக் கைப்பேசிக்கு வந்தது உண்மைதான். ஆனால் ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் பங்கிட வேண்டும். அந்தக் கோபுரத்துக்கே பின்னால் ஒளியிழை வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு அலுவலக அழைப்பு, வீட்டில் தரவு உள்ள கைப்பேசி ஒன்று என்ற நிலை எத்தனையோ வீடுகளில் இருந்தது. கைப்பேசி ஒரு ஆளுக்கான இணைப்பு, குடும்பத்துக்கு அது போதாது என்பதை மக்கள் தங்கள் பணத்தால் காட்டினார்கள்: அப்போது இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் 2024க்குள் நான்கு கோடியை எட்டின. ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டிருந்த தரைவழித் தொலைபேசி எண்ணிக்கைகூட மறுபடி ஏறியது, ஃபைபரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதால்.

இப்போது வாசலுக்கு வரும் கம்பி மயிரிழைக் கண்ணாடி. ஜிபான் முறையில் நிறுவனத்தின் கருவியிலிருந்து ஒரே இழை கிளம்பி, வழியில் மின்சாரமே தேவைப்படாத ஸ்பிளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. கீழ்நோக்கி நொடிக்கு 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25, அதை அத்தனை வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. 20 கிலோமீட்டர்வரை தூரம் ஒரு பொருட்டில்லை, மழையும் இடியும் இழையை ஒன்றும் செய்யாது. இழை அறுந்தால் வீட்டில் அது வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். இணைத்துவிட ஆள் ஸ்பிளைசிங் மெஷினோடு வருவார். பல தெருக்களில் வருபவர் முன்பு கேபிள் டிவிக்குச் சந்தா வாங்க வந்தவரே. பிராட்பேண்டுக்கான அரசின் வரையறையும் மெல்ல ஏறியிருக்கிறது: 2013இல் 512 கிலோபிட், 2023இல் 2 மெகாபிட். நகரத்தில் இன்று 100 மெகாபிட் வாங்குபவருக்கு இந்த எண்கள் எதையும் உறுதியளிக்கவில்லை, கிராமத்தில் இருப்பவருக்கு மிகக் குறைவானதை உறுதியளிக்கின்றன. பாரத்நெட் திட்டம் 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது; தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பணி மாநில அரசின் டான்ஃபினெட் வழியாக நடக்கிறது. ஊராட்சி அலுவலகம்வரை வந்த இழை அங்கிருந்து தெருவுக்குள் எப்படிப் போகும் என்பது மறுபடி அதே கடைசிக் கிலோமீட்டர்க் கேள்வி.

ஒளியிழையால் பழைய தகராறு தீர்ந்துவிட்டது என்று நினைப்பதற்கில்லை. செம்பைப் பங்கிட விடாததால், ஒரே மின்கம்பத்தில் நான்கு நிறுவனங்கள் நான்கு இழைகளைத் தனித்தனியாகச் சுற்றித் தொங்கவிடுகின்றன. சாலை போட்ட அடுத்த மாதமே இன்னொருவர் அதைத் தோண்டுகிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் வாசல் திறக்கும் வழக்கம் வேர்விட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு 2004ஆம் ஆண்டுத் தொலைபேசிச் சந்தாதாரரின் நிலைதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், உள்கட்டமைப்புத் திட்டங்களில் பொதுக் குழாய்வழிகளை அமைக்கச் செய்யவும், அவற்றை எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிடவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. டிராய் 2004இல் கேட்டதன் ஒரு பகுதி, பத்தொன்பது ஆண்டு கழித்து, சாலைக்கு அடியில் உள்ள குழாய்க்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் குழாயிலிருந்து வெளியே வந்து கம்பத்தில் ஏறி வீட்டுச் சுவருக்குள் நுழையும் இழையைப் பற்றி, அந்த அதிகாரம் தரும் சட்டப் பிரிவு பேசவில்லை.